'கிரப் ரெஸ்க்யூ' திரையில் நிற்கும் கடை கம்ப்யூட்டர்: ஃபார்மட் அடிக்காமல் மீட்க வழி உண்டா?

அம்பை டிடிபி:
எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தது. 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றுதான், அதிலேயே விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் இரண்டும் இருக்கின்றன. பேஜ்மேக்கருக்கும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளுக்கும் விண்டோஸ் வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை மின்ட்டில்தான் திறப்பேன். விண்டோஸில் செருகினால் ஷார்ட்கட் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது.

நேற்று சாயங்காலம் கோடை மழை, இடி. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது, யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. காலையில் வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'எரர்: அன்நோன் ஃபைல்சிஸ்டம்', அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ>'. அவ்வளவுதான். வழக்கமாக வரும் மெனு வரவில்லை.

தெரிந்த சர்வீஸ்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, பூட் ரெக்கார்டு அடிபட்டுவிட்டது, ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன் என்றார். டி டிரைவில் கோயில் சித்திரைக் கொடை நோட்டீஸ் இருக்கிறது. வரிதாரர் பெயர் அத்தனையும் அடித்து, விழாக் கமிட்டி திருத்திக் கொடுத்து, அச்சுக்குப் போக வேண்டிய நேரம். அது போனால் ஊரில் முகத்தைக் காட்ட முடியாது. ஃபார்மட் போடாமல் ஏதாவது வழி இருக்கிறதா? போனில் இருந்து எழுதுகிறேன்.

தென்காசி ஹார்டுவேர்:
அண்ணாச்சி, பயப்படாதீர்கள். ஃபார்மட் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் சிடியையும் இப்போதைக்குப் போட வேண்டாம். டிஸ்கில் ஒரு பைட் கூட எழுதாமல் பார்க்கிற வேலையை முதலில் பார்ப்போம். உங்கள் நோட்டீஸ் இருக்கும் இடம் வேறு, கோளாறு வந்திருக்கும் இடம் வேறு.

அந்தத் திரையே நிறையச் சொல்கிறது. ஆன் செய்ததும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் டிஸ்கின் முதல் செக்டரைப் படிக்கும். வெறும் 512 பைட். அதில் இருக்கும் சின்ன நிரல், அதற்கு அடுத்த காலி இடத்தில் கிரப் (விண்டோஸா மின்ட்டா என்று மெனு காட்டும் லினக்ஸ் மென்பொருள்) வைத்திருக்கும் இரண்டாவது துண்டை ஏற்றும். அந்த இரண்டாவது துண்டுதான் மின்ட் பார்ட்டிஷனுக்குள், அதாவது டிஸ்கில் மின்ட்டுக்குப் பிரித்த பகுதிக்குள் போய் /பூட்/கிரப் ஃபோல்டரைத் தேடி மெனுவைக் கொண்டுவரும். 'கிரப் ரெஸ்க்யூ' என்று உங்கள் திரையில் எழுதுவது அந்த இரண்டாவது துண்டு. அது எழுந்து பேசுகிறது என்றால் முதல் செக்டர் நன்றாக இருக்கிறது, டிஸ்கும் படிக்கப்படுகிறது. தடங்கல் மூன்றாவது படியில்.

பூட் ரெக்கார்டு, அதாவது அந்த முதல் செக்டர், நிஜமாகவே அடிபட்டால் கிரப் என்ற பேச்சே வராது. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும், அல்லது 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வரும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். அந்தத் திரையில் 'எல்எஸ்' என்று தட்டி என்டர் அடித்தால் என்ன வருகிறது? சமீபத்தில் யாராவது டிஸ்கைப் பிரித்தார்களா, டிரைவைக் கூட்டினார்களா, குறைத்தார்களா? கரண்ட் போனபோது கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருந்தது? கட்டளைகளை நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

நாங்குநேரி மாணவன்:
அண்ணா, எங்கள் ஹாஸ்டலில் இதே மாதிரி வந்தது. விண்டோஸ் 10 பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் போய், கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்', 'பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்', 'பூட்ரெக் /ரீபில்ட்பிசிடி' மூன்றையும் அடித்தோம். விண்டோஸ் வந்துவிட்டது. நீங்களும் அடித்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

பாளை டீச்சர்:
தம்பி, நீங்கள் சொன்னதில் தப்பில்லை, ஆனால் மூன்று கட்டளையும் மூன்று வேறு இடத்தைத் தொடுகின்றன. எது கெட்டது என்று தெரியாமல் மூன்றையும் அடிப்பது சரியான வைத்தியம் இல்லை.

முதல் செக்டரின் 512 பைட்டில் 446 பைட் நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, ஒரு பதிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவு. கடைசி 2 பைட் 55, ஏஏ என்ற முத்திரை. 1983-இல் டாஸ் 2.0 வந்ததில் இருந்து அடிப்படை அமைப்பு இதுதான். 'ஃபிக்ஸ்எம்பிஆர்' அந்த நிரல் பகுதியில் விண்டோஸின் நிரலை எழுதும், அட்டவணையைத் தொடாது. 'ஃபிக்ஸ்பூட்' விண்டோஸ் பார்ட்டிஷனின் தொடக்கச் செக்டரை எழுதும். 'ரீபில்ட்பிசிடி' விண்டோஸின் பூட் பட்டியலைத் திரும்பக் கட்டும். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் விண்டோஸின் சொந்த பூட் ஃபைல்கள் கெட்டதற்கு ஒரு அறிகுறியும் இல்லை. அதனால் பின் இரண்டும் தேவையே இல்லை.

முதலாவதை அடித்தால் விண்டோஸ் வரும் என்பது உண்மைதான். ஆனால் கிரப்பின் முதல் துண்டு போய்விடும், மின்ட் உள்ளே இருந்தும் எட்டாது. பிறகு லைவ் பென் டிரைவ் (டிஸ்கில் ஏற்றாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) வைத்துத் திரும்பக் கிரப் போட வேண்டும். நன்றாக இருக்கும் முதல் செக்டரை அழித்துவிட்டு அதையே மறுபடி எழுத வேண்டுமா? அண்ணாச்சி 'எல்எஸ்' என்ன காட்டுகிறது என்று சொல்லட்டும், பொறுங்கள்.

அம்பை டிடிபி:
'எல்எஸ்' அடித்தேன். இப்படி வருகிறது:

(எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்7) (எச்டி0,எம்எஸ்டாஸ்6) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்2) (எச்டி0,எம்எஸ்டாஸ்1)

டிஸ்கைப் பிரித்தது பற்றிக் கேட்டீர்களே, வீட்டில் விசாரித்தேன். லீவுக்கு வந்த தங்கச்சி மகன், டி டிரைவ் பெரிதாக இருக்கிறது, ஸ்கேன் படங்களைத் தனியாக வைக்கலாம் என்று விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யைக் குறைத்து இ டிரைவ் ஒன்று உண்டாக்கிக் கொடுத்திருக்கிறான். ஆனால் அதற்கு அப்புறமும் கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடியது? கொடை வேலை நெருக்கடியில் நான் ஷட் டவுன் செய்வதில்லை, ராத்திரி ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போவேன். மின்ட் பக்கமும் போகவில்லை.

தென்காசி ஹார்டுவேர்:
கிடைத்துவிட்டது அண்ணாச்சி. இடி மின்னல் மேல் பழி இல்லை. பூட் ரெக்கார்டும் கெடவில்லை.

நீங்கள் கொடுத்த வரியில் எச்டி0 என்பது உங்கள் டிஸ்க், எம்எஸ்டாஸுக்குப் பின்னால் இருப்பது பார்ட்டிஷன் எண். பழைய முறை டிஸ்கில் நான்கு பிரைமரி (நேரடி) பார்ட்டிஷனுக்கு மேல் வைக்க முடியாது. அதனால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை 5, 6, 7 என்று வரிசையாக வைப்பார்கள். முன்பு உங்களிடம் டி டிரைவ் 5, மின்ட் 6. இப்போது இரண்டுக்கும் நடுவில் இ டிரைவ் வந்துவிட்டது. அது 6 ஆகிவிட்டது, மின்ட் 7-க்குத் தள்ளப்பட்டுவிட்டது. கிரப்பை நிறுவியபோது 6-இல் போய்ப் பார் என்ற எண்ணை அதன் இரண்டாவது துண்டுக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறது. தெருவின் நடுவில் புது வீடு எழும்பிக் கதவு எண் எல்லாம் மாறிய பிறகும் தபால்காரர் பழைய எண்ணிலேயே போய்த் தட்டுகிற மாதிரி. 6-இல் இருப்பது விண்டோஸ் வகைப் பார்ட்டிஷன், அதைப் படிக்கிற திறன் அந்தச் சின்னத் துண்டில் இல்லை. அதனால்தான் 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்'.

ஸ்லீப்பில் இருந்து எழும்போது கம்ப்யூட்டர் கிரப் வழியாக வராது. அதனால்தான் இத்தனை நாளும் தெரியவில்லை. நேற்றுக் கரண்ட் முழுதாகப் போனதும்தான் முதல்முறையாக அடிப்படையில் இருந்து எழுந்திருக்கிறது.

இப்போது உறுதி செய்துகொள்வோம். 'எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்7)/' என்று அடியுங்கள். கடைசிச் சாய்கோட்டை விடாதீர்கள். பூட், ஹோம், யூஎஸ்ஆர் என்ற பெயர்கள் வந்தால் மின்ட் அங்கேதான்.

அம்பை டிடிபி:
வருகிறது! லாஸ்ட்+ஃபவுண்ட், பூட், ஹோம் எல்லாம் இருக்கிறது. 6-க்கு அடித்தால் அதே எரர்.

தென்காசி ஹார்டுவேர்:
நல்லது. இனி வரிக்கு ஒரு என்டராக இவற்றைத் தட்டுங்கள்:

செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்7)/பூட்/கிரப்
செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்7)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமன் குறிக்கு முன்னும் பின்னும் இடம் விடக் கூடாது. இவை எதுவும் டிஸ்கில் எழுதாது, நினைவகத்தில் மட்டும் வழி காட்டும். தப்பாகத் தட்டினாலும் ரீஸ்டார்ட் செய்து முதலில் இருந்து தொடங்கலாம்.

மெனு வந்ததும் மின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை கிரப் இல்லை, நோட்டீஸ். டி டிரைவைத் திறந்து கடை ஃபைல்களை வெளி டிஸ்குக்கோ பென் டிரைவுக்கோ காப்பி எடுங்கள். அப்புறம்தான் மற்றது.

வள்ளியூர் காற்றாலை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். காற்றாலையில் வேலை, லேப்டாப்பில் உபுண்டுவும் விண்டோஸ் 11-உம் வைத்திருக்கிறேன். சர்வீஸுக்குக் கொடுத்து பயாஸ் ரீசெட் செய்து வந்ததில் இருந்து மெனு வராமல் நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. எனக்கும் இந்த 'செட் ப்ரிஃபிக்ஸ்' வழி சரியாகுமா?

பாளை டீச்சர்:
உங்களுடையது வேறு வகை. அண்ணாச்சியின் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புது லேப்டாப்பில் பழைய பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ, பழைய பார்ட்டிஷன் அட்டவணைக்குப் பதில் ஜிபிடி. அதில் முதல் செக்டரில் இருந்து நிரல் ஓடுவதில்லை. அங்கே இருப்பது பழைய மென்பொருள்கள் டிஸ்கைக் காலி என்று நினைத்துவிடாமல் இருப்பதற்கான ஒரு காவல் பதிவு மட்டும். பார்ட்டிஷன் அட்டவணை அதற்கு அடுத்த செக்டர்களில் தொடங்கும், அதன் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். பூட் ஃபைல்கள் ஃபேட்32 வகையில் இருக்கும் ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் ஃபோல்டர்களாக, மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று என்று கிடக்கும். எதை முதலில் ஓட்டுவது என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில். ரீசெட்டில் அந்த வரிசை மாறிவிடுவது சகஜம்.

பயாஸ் செட்டிங்குக்குள் போய் பூட் வரிசையில் 'உபுண்டு' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேலே ஏற்றினால் போதும். இல்லையென்றால் லைவ் பென் டிரைவில் ஏறி 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' என்ற கட்டளை கொண்டு சேர்க்கலாம். ஆனால் ஒன்று, நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓட விடும் செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன்னால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டால் யாராலும் திறக்க முடியாது.

'வெரிஃபையிங் ஷிம் எஸ்பிஏடி' என்று தொடங்கி 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று எரர் வந்து நின்றால் அது இன்னொரு கதை. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களைத் தடை செய்துவிட்டது, டூயல் பூட் வைத்திருந்த பலருக்கும் அது வந்தது. உங்களுக்கு அப்படி வரவில்லை என்பதால் வரிசை மாறியதாகத்தான் இருக்கும்.

வள்ளியூர் காற்றாலை:
டீச்சர், உபுண்டு இரண்டாவதாக இருந்தது. மேலே ஏற்றினேன், மெனு வந்துவிட்டது. ரொம்ப நன்றி.

தென்காசி ஹார்டுவேர்:
இது சம்பந்தமாக ஒன்று. பழைய டெஸ்க்டாப்பில் கடிகாரமும் பின்னால் போய், பூட்டும் ஆகவில்லை என்றால் முதலில் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 காசு பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்தால் பயாஸ் பழைய நிலைக்குப் போய்விடும். லெகசி (பழைய பூட் முறை), யூஇஎஃப்ஐ அமைப்பு மாறும், டிஸ்கோடு பேசும் சாட்டா முறை மாறும். டிஸ்கில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் பூட் ஆகாது. என்னிடம் 'டிஸ்க் போச்சு' என்று வருகிறவற்றில் இப்படியும் வருவது உண்டு. அதனால்தான் யார் வந்தாலும் முதலில் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன்.

அம்பை டிடிபி:
அண்ணாச்சி, மெனு வந்து மின்ட்டுக்குள் வந்துவிட்டேன்! கை நடுங்கிக்கொண்டே தட்டினேன். டி டிரைவ் திறக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது. ஆனால் 'ரீட் ஒன்லி' என்று வருகிறது, எதையும் மாற்ற முடியவில்லை. டிஸ்கில் வேறு கோளாறா?

பாளை டீச்சர்:
கோளாறு இல்லை, அது உங்களைக் காப்பாற்றுகிறது. டெஸ்க்டாப்பில் விண்டோஸை ஸ்லீப்பில் போட்டால், கரண்ட் போனாலும் வேலை தொலையக் கூடாது என்று நினைவகத்தின் நகலை டிஸ்கிலும் எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. அதாவது விண்டோஸ் இன்னும் பாதி தூக்கத்தில், டி டிரைவைத் தன் கையில் வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் மின்ட் அதில் எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய கணக்கை மேலே எழுதி ஃபைல்களைச் சிதைத்துவிடும். அதனால்தான் எழுத விடவில்லை. காப்பி எடுப்பதற்குத் தடை இல்லை, எடுங்கள். பலவந்தமாக எழுத வைக்கும் கட்டளை ஒன்று இணையத்தில் கிடைக்கும், அதைத் தொட வேண்டாம்.

அம்பை டிடிபி:
நோட்டீஸ், வரிப் பட்டியல், பழைய பத்திரிகைகள், ஃபான்ட் ஃபோல்டர் எல்லாம் வெளி டிஸ்குக்கு வந்துவிட்டது. நோட்டீஸைத் தனியாகப் பென் டிரைவிலும் போட்டுவிட்டேன். அடுத்து?

தென்காசி ஹார்டுவேர்:
வெளி டிஸ்கையும் பென் டிரைவையும் கழற்றிவிடுங்கள், தப்பான டிஸ்கில் எழுதிவிடக் கூடாது. டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' அடித்து 1 டிபி டிஸ்கின் பெயர் எஸ்டிஏ-தானா என்று பாருங்கள். அப்புறம்:

சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ
சூடோ அப்டேட்-கிரப்

எஸ்டிஏ என்பதோடு நிறுத்துங்கள், எஸ்டிஏ7 என்று எண் போடாதீர்கள். நாம் எழுதுவது முழு டிஸ்கின் தொடக்கத்தில். இரண்டாவது கட்டளையில் விண்டோஸ் பெயரும் வர வேண்டும். வரவில்லை என்றால், கிரப் 2.06-இல் இருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடுவது இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் 'கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஃபால்ஸ் மட்டும் சின்ன எழுத்தில். சேர்த்துவிட்டு மறுபடி அப்டேட்-கிரப்.

உவரி கரை:
இதே எரர் எனக்கும் வந்தது, ஆனால் என் டிஸ்கில் டிக் டிக் என்று சத்தமும் வருகிறது. நானும் இப்படியே செய்யலாமா?

தென்காசி ஹார்டுவேர்:
கூடாது தம்பி. சத்தம் வந்தால் அது டிஸ்கின் உடம்பு நோய். ஆஃப் செய்து வையுங்கள். ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். ஃபைல் முக்கியம் என்றால் டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். சத்தம் இல்லாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால், லைவ் பென் டிரைவில் ஏறி 'ஸ்மார்ட்சிடிஎல்' கொண்டு ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டதால் மாற்றப்பட்டவை), பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருப்பவை) இரண்டின் எண்ணிக்கையையும் பாருங்கள். பெண்டிங் கூடிக்கொண்டே போனால் 'டிடிரெஸ்க்யூ' வைத்துப் புது டிஸ்குக்கு நகல் எடுத்து, நகலில்தான் மற்ற வேலை. கெட்ட டிஸ்கில் கிரப் இன்ஸ்டால், செக்டிஸ்க் எதுவும் ஓட்டக் கூடாது.

அம்பை டிடிபி:
மெனு தானாகவே வந்துவிட்டது. இரண்டும் இருக்கிறது. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தேன், பேஜ்மேக்கர் நேற்று விட்ட இடத்திலேயே திறந்து நிற்கிறது! நோட்டீஸை ப்ரூஃப் எடுத்து கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இ டிரைவ் அப்படியே இருக்கலாமா, அழிக்க வேண்டுமா?

தென்காசி ஹார்டுவேர்:
இருக்கட்டும். அழித்தால் எண் மறுபடி மாறும், மறுபடி இதே கதை. தங்கச்சி மகனையும் வையாதீர்கள், விண்டோஸில் அப்படிப் பிரிப்பது சாதாரண வேலை, பக்கத்தில் லினக்ஸ் இருந்தால்தான் இந்தச் சங்கடம். விண்டோஸில் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' அடித்துவிடுங்கள். டிஸ்கில் நகல் எழுதும் பழக்கமும், ஷட் டவுனில் விண்டோஸை முழுதாக மூடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும், டி டிரைவ் இரண்டு பக்கமும் ஒழுங்காகத் திறக்கும். ஆனால் அதன் பிறகு ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால் சேவ் செய்யாதது போய்விடும். அதனால் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டே கடையைப் பூட்டுங்கள்.

நாங்குநேரி மாணவன்:
டீச்சர், முதல் செக்டரை முன்கூட்டியே நகல் எடுத்து வைத்தால் அடுத்த முறை சுலபமாக இருக்குமா? 'டிடி' கட்டளையில் 512 பைட் எடுத்து வைக்கலாம் என்று படித்தேன்.

பாளை டீச்சர்:
எடுத்து வைக்கலாம், ஆனால் அது எதைக் காக்கும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். அந்த 512-இல் நான்கு பதிவுகள்தான் உண்டு. 5, 6, 7 என்ற லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் விவரம் அதில் இல்லை, எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் ஒன்றையொன்று சுட்டும் சங்கிலியாக இருக்கிறது. அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் அந்த நகல் ஒரு உதவியும் செய்திருக்காது. இன்னொன்று, பார்ட்டிஷன் மாறிய பிறகு பழைய 512-ஐ முழுதாகத் திரும்ப எழுதினால் பழைய அட்டவணை வந்து உட்கார்ந்துவிடும். திரும்ப எழுதுவதாக இருந்தால் முதல் 446 மட்டும்.

அதைவிட நல்லது 'சூடோ எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ' என்று அடித்து வரும் பட்டியலை ஒரு ஃபைலில் சேமித்து, வேறு இடத்தில் வைப்பது. லாஜிக்கல் உட்பட எல்லாப் பார்ட்டிஷனின் தொடக்கமும் நீளமும் அதில் எழுத்தாகவே இருக்கும். அட்டவணையே தொலைந்து போனால்கூட அதை வைத்துத் திரும்ப எழுதலாம். அது இல்லாதவர்களுக்கு டெஸ்ட்டிஸ்க் இருக்கிறது, டிஸ்க் முழுக்கத் தேடிப் பார்ட்டிஷன் தொடக்கங்களைக் கண்டுபிடிக்கும்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததே, எங்கள் பிள்ளைகள் பலர் பூட் மெனு என்ற ஒன்றை முதலில் பார்த்தது அதில்தான். மெனு போனதும் எத்தனையோ லேப்டாப்பில் லினக்ஸை அழித்துவிட்டார்கள், சில கட்டளையில் திரும்ப வந்திருக்கும் என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஆள் இல்லை. அதனால்தான் இங்கே நீளமாக எழுதுகிறேன்.

அம்பை டிடிபி:
டீச்சர் சொன்ன பட்டியலை எடுத்துவிட்டேன், ஒரு தாளில் பிரிண்ட் போட்டு சிபியு பெட்டியின் உள்பக்கமும் ஒட்டிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். பின்னால் டிஸ்க் மாற்றி எஸ்எஸ்டி போடலாம் என்று இருக்கிறேன். அப்போது இந்தத் தாள் உதவுமா?

தென்காசி ஹார்டுவேர்:
அந்தத் தாள் இந்த டிஸ்குக்கு மட்டும். எஸ்எஸ்டி வாங்கும்போது அளவு 1 டிபிக்குக் குறையாமல் வாங்கினால் க்ளோனிசில்லா வைத்து அப்படியே நகல் எடுக்கலாம். குறைவான அளவு வாங்கினால் பார்ட்டிஷன்களை முதலில் சுருக்க வேண்டும், அதைப் போனில் பார்த்துக்கொண்டு செய்யாதீர்கள். கொடை முடியட்டும், டிஸ்கையும் எஸ்எஸ்டியையும் எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வாருங்கள், உட்கார்ந்து செய்துவிடலாம்.